மேடையேறிய சமையல்காரி

சுகார்த்தியின் வீட்டில் நாள்காட்டி உண்டு. ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை. முன்னோருக்குப் படைக்கும் ரூவா மாதம் வந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் அவள் கையை முகர்ந்தால் போதும், பசையரிசியும் அப்பெம் பணியார மாவும் மணக்கும். நோன்பு முடிகிற வாரத்தில் அதே கையில் தென்னங்குருத்து கீறிய கோடுகள் இருக்கும், கெத்துபாட் சோறு அடைக்கக் கூடு பின்னியதால். பெசார் மாதம் முழுக்கக் கல்யாணம். அப்போது அவள் குரல் கட்டியிருக்கும். அதற்கடுத்த சூரோ மாதத்தில் ஊரில் யாரும் விசேஷம் வைக்க மாட்டார்கள். அந்த முப்பது நாளும் அவளுக்கு வேலை இல்லை, அவள் வீட்டுக்காரர் பர்ஜோவுக்கு நிம்மதி இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே ஆளை அதட்டித்தானே ஆக வேண்டும்?

இடையில் பிறப்பு, இறப்பு, நாற்பதாம் நாள், நூறாம் நாள், கர்ப்பிணிக்கு ஏழாம் மாதம் என்று ஏதாவது வந்துகொண்டேயிருக்கும். ஏழாம் மாதச் சடங்கில் காரமும் புளிப்புமாகப் பழ ருஜாக் செய்ய வேண்டும். அது ருசியாக அமைந்தால் பெண் குழந்தை என்பது ஊர்க் கணக்கு. சுகார்த்தி செய்த ருஜாக் ஒருநாளும் ருசி தப்பியதில்லை. ஆகவே ஆண் குழந்தை பெற்றவர்கள் எல்லாரும் தன்னை ஏமாற்றிவிட்டதாகவே அவள் நினைத்தாள்.

கிளாத்தன், சோலோ நகரங்களுக்கு நடுவே, வயலுக்குள் இருக்கிற சும்பெர்ஜதி கிராமத்தில் நூற்றுப்பத்து வீடு. அங்கே சமையலுக்குக் கூலிக்கு ஆள் பிடிக்கிற வழக்கம் கிடையாது. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் கத்தியும் பலகையுமாக வந்து இறங்கிவிடுவார்கள். யார் தேங்காய் துருவுவது, யார் கோழி அறுப்பது, யார் சும்மா உட்கார்ந்து வம்பளப்பது என்பதையெல்லாம் சுகார்த்தி தீர்மானிப்பாள். ஐம்பத்தெட்டு வயது, குள்ளமான உருவம், முழங்கை வரை மடித்த சட்டை. குழம்புச் சட்டியைத் தாண்டிப் பார்க்க அவள் எக்க வேண்டியிருக்கும். ஆனாலும் அவள் அடுப்படிக்குள் நுழைந்தால் பேச்சு தானாகக் குறையும்.

அவளுக்கு அடுத்த இடம் துமினிக்கு. மூன்று வீடு தள்ளி இருப்பவள், மூன்று வயது இளையவள். சுகார்த்தியை 'எம்பாக்யு' என்று அக்கா முறை வைத்து அழைப்பாள்; சுகார்த்தி அவளை 'திக்' என்பாள், தங்கச்சி என்கிற மாதிரி. முப்பது வருடமாகச் சோற்று அடுப்பு துமினி பொறுப்பு. இடுப்புயர அலுமினிய ஆவிப் பானைகள் மூன்று. அடியில் தண்ணீர், நடுவில் ஓட்டைத் தட்டு, தட்டின்மேல் பாதி வெந்த அரிசி. தண்ணீர் கூடினால் தட்டுக்கு மேலே கொதித்து ஏறிச் சோறு குழையும். குறைந்தால் பாதியில் வற்றிப் பானை கருகும், அரிசி அரிசியாகவே நிற்கும்.

ஒவ்வொரு விசேஷத்திலும் இது நடக்கும்: துமினி பானைகளில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். சுகார்த்தி வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பாள்.

"என்ன திக், இவ்ளோ தண்ணி? கஞ்சி காய்ச்சப் போறியா?"

"கை கொஞ்சம் தாராளமாப் போயிருச்சு, எம்பாக்யு."

சுகார்த்தி ஒவ்வொரு பானையிலிருந்தும் இரண்டு குவளை மொண்டு பின்வாசலில் கொட்டுவாள். சோறு பூப்போல வரும். வீட்டுக்குப் போய் பர்ஜோவிடம் சொல்வாள்: "நல்ல மனுஷிதான். ஆனா கண்ணளவு சுத்தமாக் கிடையாது. நான் ஒருத்தி இல்லேன்னா இந்த ஊரு கஞ்சிதான் குடிக்கணும்." பர்ஜோ "ம்" என்பார். அவர் பொதுவாக அதற்கு மேல் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவள் வீட்டில் கல்யாணம் வந்தது. ஒரே மகள் ரெத்னோ, சோலோவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையும் சோலோ. அவனுக்கு அம்மா இல்லை. பெரியம்மா ஹர்சினி வளர்த்த பிள்ளை. ஹர்சினி அம்மாள் பழைய பாத்திக் துணி வியாபாரக் குடும்பம். அடித்தொண்டையிலிருந்து மெதுவாக, மரியாதை குறையாமல் பேசுவார். அவர் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று மூன்று நாள் யோசிக்க வேண்டியிருக்கும். பெண் பார்க்க வந்த அன்று சுகார்த்தி செய்த ஓப்போர் கோழிக் குழம்பை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "தேங்காய்ப்பால் தாராளமா இருக்கு" என்றார். அது பாராட்டா குத்தலா என்று சுகார்த்திக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் குடும்பத்தின் முன்னால் தன் மகள் தலைகுனியாமல் நிற்க வேண்டும். சுகார்த்திக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். அதற்கு அவள் செய்யத் தெரிந்ததும் ஒன்றுதான், சமைப்பது. ஆனால் அதைத்தான் அவள் செய்யக் கூடாது. வாசலில் பந்தல் ஏறிய நாளிலிருந்து கல்யாண வீட்டு அம்மா அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். உடுத்திக்கொண்டு முன்னால் உட்கார வேண்டும், வருகிறவர்களைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். இந்த வழக்கத்தைக் காட்டி எத்தனையோ அம்மாக்களை அடுப்படியிலிருந்து துரத்தியவள் சுகார்த்தி. "முன்னால போய் உக்காருங்க, இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்று கரண்டியை ஆட்டியிருக்கிறாள். இப்போது கரண்டி துமினி கைக்குப் போயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பின்வாசல் நிலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சுகார்த்தி உத்தரவு போட்டாள். கால் மட்டும் வெளியே, கழுத்து உள்ளே.

"திக், சூப்புல ஜாதிக்காய் ஒரு சிட்டிகைதான். சம்பல் ஈரலை முதல்ல தனியாப் பொரிச்சிரு. உருளைக்கிழங்கு..."

"தெரியும், எம்பாக்யு."

"தண்ணி. தண்ணியைப் பாத்து ஊத்து. உன் கை தாராளம்."

துமினி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நாளைக்குச் சரியா ஊத்திடுவேன், எம்பாக்யு. நீங்க கவலைப்படாம மேடைல உக்காருங்க."

"மழை வராம இருக்க மிளகாய் வெங்காயம் குத்தின துடைப்பம் நட்டாச்சா?"

"ஆச்சு. போதாததுக்கு உங்க வீட்டுக்காரரோட துவைக்காத பனியனையும் கூரைமேல வீசியாச்சு. மழையென்ன, காக்கா கூட வராது."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சுகார்த்தியும் சிரித்தாள். ஆனால் போகும்போது நிலையைப் பிடித்த கை விட மனமில்லாமல்தான் விட்டது.

மறுநாள் விடிந்தபோது அலங்காரக்காரி சுகார்த்தியின் தலையில் பெரிய கொண்டையை ஏற்றி முடித்திருந்தாள். முகத்தில் அரை விரல் கனத்துக்குப் பவுடர். ரெத்னோ பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், நெற்றியில் கறுப்பு மை வரைந்துகொண்டிருந்தார்கள்.

"இபு, காலை ஆட்டாதீங்க. கொண்டை ஆடுது" என்று அம்மாவை அதட்டினாள்.

"நான் எங்க ஆட்டுறேன்?"

"இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க. துமினி சித்தி பாத்துக்குவாங்க."

சுகார்த்தி சும்மா இருந்தாள், ஒரு கால் மணி நேரம். பிறகு கழிப்பறைக்குப் போகிறேன் என்று எழுந்தாள். கழிப்பறை அடுப்படிக்கு அந்தப் பக்கம். அது யார் குற்றம்?

அடுப்படியில் அந்த நேரம் ஒருவரும் இல்லை. துமினி கொல்லையில் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கோழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பானையும் அடுப்பில் ஏறியிருந்தன. தீயும் மூட்டவில்லை, அரிசியும் இன்னும் ஏறவில்லை. சுகார்த்தி புடவை மாதிரி இறுக்கிச் சுற்றிய ஜாரிக் துணியில் குட்டிக் குட்டி அடி வைத்துப் போய் முதல் பானையின் மூடியைத் திறந்தாள். பார்த்தாளா என்று கேட்டால், பார்த்தாள் என்றுதான் அவளும் சொல்வாள். கண் பார்த்ததோ இல்லையோ, கை தன் பாட்டுக்குக் குவளையை எடுத்துவிட்டது. பானைக்கு இரண்டு குவளை, மூன்று பானைக்கு ஆறு. பின்வாசலில் கொட்டினாள். மனசு நிறைந்து போய்விட்டது. மகள் கல்யாணச் சாப்பாட்டைத் தானும் தொட்டாயிற்று.

நிக்கா எட்டு மணிக்கு நல்லபடியாக முடிந்தது. பதினோரு மணிக்கு விருந்து. நானூறு பேர் பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் விருந்தாளி எழுந்து போய்ச் சாப்பாடு எடுப்பதில்லை. ஊர் இளைஞர்கள் தோளுயரத்துக்குத் தட்டங்களைத் தூக்கிவந்து உட்கார்ந்த இடத்திலேயே கொடுப்பார்கள். முதலில் தேநீரும் பலகாரமும், பிறகு சூப், பிறகு சோறு, கடைசியில் ஐஸ். ஐஸ் வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

மேடையில் பெண் மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் பர்ஜோவும் சுகார்த்தியும். தேநீர் போயிற்று. சூப் போயிற்று. சூப் கிண்ணம் திரும்பியதும் இருபது எண்ணுவதற்குள் சோறு வர வேண்டும். இதை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். இருபது எண்ணினாள். நூறு எண்ணினாள். பந்தலில் பாட வந்தவள் இரண்டாவது பாட்டை முடித்துவிட்டாள். கையில் வேலையில்லாத தட்டக்காரப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காற்று அடுப்படிப் பக்கமிருந்து திரும்பியது. காய்ந்த பானையின் கருகல் வாடை.

முன்வரிசையில் இருந்த ஹர்சினி அம்மாள் மெதுவாக எழுந்து பின்பக்கம் போவதைச் சுகார்த்தி பார்த்தாள்.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

பர்ஜோ அவள் கையைப் பிடித்தார். "மேடையை விட்டு இறங்கக் கூடாது, புனே." மகள் பிறந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார், ரெத்னோவின் அம்மா என்கிற பொருளில்.

"கூடாதுன்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நானூறு பேரும் பார்த்தார்கள்.

அடுப்படியில் மூன்று பானைகளும் தரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. அடி கறுத்துப் போயிருந்தது. சோறு வெளியே வெள்ளை, உள்ளே அரிசி, எல்லாவற்றிலும் புகை நாற்றம். மறுபடி வேகவைத்தாலும் அந்த நாற்றம் போகாது. இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த கர்சோ கிழவி, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கருத்து சொல்கிறவள், எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்:

"கல்யாணச் சோறு வேகலேன்னா சும்மாவா? வீட்டுல எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். பொண்ணு பட்டணத்துல தனியா இருந்தவ. எனக்கென்ன, பெரியவங்க சொல்வாங்க."

ஹர்சினி அம்மாள் இரண்டு எட்டு தள்ளி நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சோறு வேகவில்லை என்பதைவிட அந்த முகம்தான் சுகார்த்திக்குப் பயமாக இருந்தது. இந்தப் பேச்சு சோலோவுக்குப் போய்விட்டால், நாளைக்கு அந்த வீட்டில் ரெத்னோ குழம்பில் உப்பு குறைத்தாலும் இதைத்தான் நினைப்பார்கள்.

அப்போது துமினி முன்னால் வந்தாள். முந்தானைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஹர்சினி அம்மாளுக்கு முன்னால் குனிந்து நின்றாள்.

"மன்னிக்கணும், அம்மா. வீட்டு மேலயும் குத்தமில்ல, பொண்ணு மேலயும் குத்தமில்ல. தண்ணி அளவு நான் தப்பா வெச்சுட்டேன். என் கை."

சொல்லிவிட்டு ஒரு நொடி சுகார்த்தியைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை அது. பின்வாசல் நிழலில் இன்னும் காயாமல் கிடந்த ஈரத்தை அவள் எப்போதோ பார்த்துவிட்டாள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

சுகார்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று துமினி சொன்னது காதில் திரும்ப விழுந்தது. நாளைக்குச் சரியா ஊத்திடுவேன். அப்படியானால் இவ்வளவு நாள்? முப்பது வருடமாக எல்லா விசேஷத்திலும், சுகார்த்தி வந்து எடுப்பாள் என்று துமினி இரண்டு குவளை கூட ஊற்றியிருக்கிறாள். இன்றைக்கு எடுக்க ஆள் வராது என்று நம்பிச் சரியாக ஊற்றியிருக்கிறாள்.

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். துமினிதான் ஒப்புக்கொண்டுவிட்டாளே. மகள் பெயர் தப்பித்தது. துமினியை இனி யாரும் சோற்று அடுப்புக்குக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். சுகார்த்தி நல்லவள்தான், ஆனாலும் அந்த யோசனை அவளுக்கு வந்தது. ஒரு நொடி அல்ல, நல்ல மூன்று நொடி அவள் வாயைத் திறக்கவில்லை. மறைத்து என்ன?

பிறகு திறந்தாள்.

"பொய் சொல்றா. தண்ணி சரியாத்தான் இருந்திருக்கு. நான்தான் காலைல திருட்டுத்தனமா உள்ள வந்து ஆறு குவளை மொண்டு கொட்டினேன்."

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது.

"நீங்களா?" என்றார் ஹர்சினி அம்மாள்.

"நான்தாங்க. அம்மாக்காரி அடுப்படிக்கு வரக் கூடாது. வந்தேன். முப்பது வருஷமா இவ ஊத்தினதுல நான் எடுப்பேன். நான் எடுக்கறதாலதான் சோறு நல்லா வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இவ என்னை எதிர்பார்த்து முன்னாடியே கூட ஊத்தியிருக்கா. அது எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது." பவுடரில் ஒரு கோடு இறங்கியது. "கர்சோ பாட்டி, வீட்டுல மறைச்சதுன்னா இதுதான். என் பொண்ணை இழுக்காதீங்க."

கர்சோ கிழவி இஞ்சியை மிகுந்த கவனத்தோடு நறுக்க ஆரம்பித்தாள்.

ஹர்சினி அம்மாள் பானையைப் பார்த்தார், சாய்ந்திருந்த கொண்டையைப் பார்த்தார். "உங்க பொண்ணும் இப்படித்தானா? எங்க வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாளா?"

"அய்யோ, இல்லைங்க. அவளுக்குச் சோறே வைக்கத் தெரியாது."

ஹர்சினி அம்மாள் சிரித்துவிட்டார். இந்த முறை எதற்குச் சிரித்தார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுலயும் யாருக்கும் தெரியாது, அம்மா. பையன்தான் வைப்பான்."

"சிரிக்கிறது அப்புறம்" என்றாள் துமினி. அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்து யாரும் கேட்டதில்லை. "ஊர்ல நூத்திப்பத்து வீடு. எல்லா வீட்டுலயும் காலைல கரண்டு பானைல சோறு வெச்சிருப்பாங்க. தட்டம் தூக்கற பையனுங்க எல்லாரும் ஓடுங்க. பானையோட தூக்கிட்டு வாங்க, யாருதுன்னு மூடில சாக்கட்டியால எழுதிக்குங்க. எம்பாக்யு, நீங்க போய் ஊர்த்தலைவரை இன்னொரு தடவை பேசச் சொல்லுங்க."

சுகார்த்தி போனாள். சும்பெர்ஜதி ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தால் விடமாட்டார் என்று ஊரே பயப்படும். கல்யாண வீட்டாரே அவரைக் கூப்பிட்டு 'இன்னும் கொஞ்சம் பேசுங்க' என்று கேட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இல்லற வாழ்க்கையைப் பற்றித் தொடங்கி, வாய்க்கால் தூர்வாருவது வரை போனார். அவர் வாய்க்காலை முடிப்பதற்குள் அடுப்படியில் எண்பது சோற்றுப் பானைகள் வந்து இறங்கிவிட்டன. ஒன்றில் குழைவு, ஒன்றில் விறைப்பு, ஒரு வீட்டுக்காரர் மஞ்சள் போட்டு வைத்திருந்தார். துமினி எல்லாவற்றையும் பெரிய மூங்கில் தட்டில் கொட்டிக் கிளறினாள். தட்டங்கள் பறந்தன. ஓப்போர் மணத்தில் யாரும் சோற்றைப் பற்றிப் பேசவில்லை. ஹர்சினி அம்மாள் மட்டும் இரண்டாவது தட்டு கேட்டு வாங்கினார்.

மூன்று மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். ரெத்னோ அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு கொண்டையைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு சோலோ வண்டியில் ஏறினாள். சுகார்த்தி உடுப்பைக் கூட மாற்றாமல் பின்வாசலுக்கு வந்தாள். துமினி குத்தவைத்து உட்கார்ந்து கருகிய பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுகார்த்தியும் ஒரு பானையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து, திக்?"

"நீங்க முதல் தடவை எடுத்ததிலேர்ந்து. அன்னிக்கும் சோறு வேகல. விறகு சரியில்லேன்னு சொன்னீங்க. அடுத்த தடவைலேர்ந்து நான் ரெண்டு குவளை கூட ஊத்திட்டேன்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்க வேற எதையாவது திறந்து பாத்திருப்பீங்க. குழம்புல கை வைக்கிறதுக்கு இது தேவலாம்னு இருந்துச்சு." துமினி நாரைத் திருப்பிப் பிடித்தாள். "அதுவும் இல்லாம, தண்ணியைக் கொட்டிட்டு வரும்போது உங்க மூஞ்சில ஒரு சந்தோஷம் இருக்கும். அதை ஏன் கெடுக்கணும்?"

சுகார்த்தி பானையின் அடியை அழுத்தித் தேய்த்தாள். வெட்கமாக இருந்தது. முப்பது வருடம் தன்னை ஒருத்தி பொறுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் விந்தையாக, உள்ளே ஏதோ லேசாகவும் இருந்தது. இத்தனை நாளும் ஊர்ச் சோறு முழுவதும் தன் தலையில்தான் நிற்கிறது என்று சுமந்துகொண்டிருந்தாள். அது ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.

"அடுத்த வாரம் செனென் வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாசச் சடங்கு" என்றாள். "நீ தலைமை எடுத்துக்க, திக். நான் வந்து வெங்காயம் நறுக்கறேன்."

துமினி பானையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். ஏதோ யோசித்தாள்.

"பொடியா நறுக்கணும், எம்பாக்யு. உங்க கைக்கு எப்பவும் கொஞ்சம் பெருசு பெருசா விழும்."

சுகார்த்தி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து, "சரி" என்றாள். முப்பது வருடத்தில் துமினியிடம் அவள் சொன்ன முதல் சரி அது.